மின்சார பிக்கப் டிரக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையின் வண்டிகளைப் பற்றியது. மின்சார பிக்கப் பெரிய அளவில் விற்பனைக்கு வந்ததும் அங்கேதான், அடிபட்டதும் அங்கேதான். பேட்டரி அளவு கிலோவாட்-மணியில். மின்கட்டண ரசீதில் வரும் ‘யூனிட்’ அதுவேதான் என்பதால் கீழே யூனிட் என்றே எழுதியிருக்கிறோம். தூரம் கிலோமீட்டரில், எடை கிலோவில், விலை டாலரில்.

எந்தெந்த வண்டிகள் வந்தன? எவை நின்றன?

வாங்குபவர் கைக்கு முதலில் போனது ரிவியன் ஆர்1டி. இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில், மிட்சுபிஷி விட்டுப்போன ஆலையில் தயாராகி 2021 செப்டம்பரில் வெளிவந்தது. அதே டிசம்பரில் ஜி.எம்.சி. ஹம்மர் இ.வி., 2022 ஏப்ரலில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், 2023 நவம்பர் 30 அன்று டெஸ்லா சைபர்டிரக். ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் செவ்ரலே சில்வராடோ இ.வி.யும் ஜி.எம்.சி. சியெரா இ.வி.யும் சேர்ந்தன. ஓஹையோவின் லார்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகளை விற்றுவிட்டு 2023 ஜூனில் திவால் மனு கொடுத்தது. ராம் நிறுவனம் தன் முழு மின்சார 1500 பிக்கப்பை 2025 செப்டம்பரில் கைவிட்டது. 2025 டிசம்பரில் ஃபோர்டும் லைட்னிங்கை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனாலும் சாலையிலும் பழைய வண்டிச் சந்தையிலும் கிடைப்பதில் லைட்னிங்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் கணக்குகளுக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம்.

பெட்ரோல் டிரக்கில் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்ததுதானா?

லைட்னிங் கிட்டத்தட்ட அப்படித்தான், அதில் தவறும் இல்லை. கேபின், அலுமினிய பாடி, ஐந்தரை அடி சரக்குத் தொட்டி எல்லாம் சாதாரண எஃப்-150-இலிருந்து வந்தவை. சேஸி மட்டும் புதிது. இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே பேட்டரி உட்காருகிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார். பின்னால் இருந்த பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்சிலும் போய், தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. காலி வண்டியில் பின்பக்கம் துள்ளும் பிக்கப்பின் பழைய குணம் இதனால் குறைந்தது. எஃப்-150-க்கு விற்கும் தொட்டி மூடி, ஏணிச் சட்டம், கருவிப் பெட்டி பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். தொழில் செய்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. எஞ்சின் இருந்த இடம் 400 லிட்டர் பூட்டுப் பெட்டியாகிவிட்டது. 180 கிலோ வரை வைக்கலாம்.

மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். ரிவியனில் பின்சீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே வண்டியின் அகலம் முழுக்க ஒரு சுரங்க அறை உண்டு. சில்வராடோ இ.வி.யில் கேபினின் பின்சுவரை மடக்கித் தொட்டியை நீட்டலாம். ஹம்மரில் பேட்டரி இரண்டடுக்கு: 24 தொகுதிகள், பேட்டரி மட்டுமே 1,300 கிலோவுக்கு மேல், வண்டி மொத்தம் 4,100 கிலோ. இதைப் பொறியியல் சாதனை என்பதைவிடப் பேட்டரியை அடுக்கிப் பிரச்சினையைத் தீர்த்தது என்று சொல்வதே நேர்மை.

சைபர்டிரக்கின் கோண வடிவத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் 48 வோல்ட் மின்சுற்று அதைவிட முக்கியம். வழக்கமான 12 வோல்ட்டை நான்கு மடங்காக்கினால், அதே சக்திக்கு ஓடும் மின்னோட்டம் கால்பங்காகிறது. வயர் மெலிகிறது, செம்பு மிச்சமாகிறது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டு கிடையாது, மின்சமிக்ஞை மட்டும்தான். இந்த இரண்டும் அந்த வண்டியைத் தாண்டியும் நிற்கும் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?

லைட்னிங்கில் 98 யூனிட் பேட்டரிக்கு சுமார் 385 கி.மீ., 131 யூனிட்டுக்கு 515 கி.மீ. என்பது அரசுச் சோதனை எண். சில்வராடோ இ.வி.யின் மிகப்பெரிய பேட்டரி, 205 யூனிட், 790 கி.மீ. தாண்டுகிறது. அதே வண்டியை ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் 2025-ல் மணிக்கு 32 முதல் 40 கி.மீ. வேகத்தில் உருட்டி, ஒரே சார்ஜில் 1,700 கி.மீ. எடுத்தார்கள். வேகத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று இதில் தெரிகிறது.

நெடுஞ்சாலையில் 112 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து போனால் அரசு எண்ணில் 10 முதல் 15 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 500 கிலோ ஏற்றினால் அவ்வளவு பெரிதாகக் குறையாது. பிக்கப்பின் எதிரி காற்றுதான், எடை அதற்கு அடுத்தது.

டிரெய்லர் இழுத்தால் தூரம் பாதியாகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உயரமான டிரெய்லராக இருந்தால் பாதிக்கும் கீழே போகும்.

சக்தி போதாததால் அல்ல. லைட்னிங்கின் மோட்டார்கள் 580 குதிரைத்திறன் வரை தருகின்றன; பெரிய பேட்டரியும் ஆலையிலேயே பொருத்தும் டிரெய்லர் பேக்கேஜும் இருந்தால் 4,500 கிலோ இழுக்கலாம். ரிவியனும் சைபர்டிரக்கும் 5,000 கிலோவுக்குப் பக்கம். கிளம்புவதிலும் மேடு ஏறுவதிலும் பெட்ரோல் டிரக் இவற்றிடம் நிற்க முடியாது. சிக்கல் கையிருப்பில் இருக்கிறது. ஒரு கேலன் (3.8 லிட்டர்) பெட்ரோலில் 33.7 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. எஃப்-150-க்குக் கிடைக்கும் 36 கேலன் டேங்க்கை நிரப்பினால் 1,200 யூனிட்டுக்கு மேல். லைட்னிங்கின் பெரிய பேட்டரியில் இருப்பது நான்கு கேலனுக்குக்கூடச் சமமில்லை, சுமார் 15 லிட்டர்தான். மின்மோட்டார் சிக்கனமாகச் செலவழிப்பதால்தான் அதை வைத்து 500 கி.மீ. போக முடிகிறது. காற்றோடு மல்லுக்கட்டும்போது அந்தச் சிக்கனம் காப்பாற்றாது. பெட்ரோல் டிரக்குக்கும் டிரெய்லர் இழுத்தால் மைலேஜ் பாதியாகிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவதால் யாரும் அதைப் பேசுவதில்லை.

கணக்கு இப்படிப் போகும். வெறும் வண்டிக்கு 100 கி.மீ.க்கு 25 யூனிட். கேபின் உயரத்துக்கு மேல் எழும்பும் பயண வீட்டு டிரெய்லருக்கு 50 யூனிட் என்று வையுங்கள். 131 யூனிட் பேட்டரியை முழுதாக ஏற்றிக் கிளம்பி 15 சதவீதத்தில் நிறுத்தினால் 111 யூனிட், அதாவது 220 கி.மீ. அடுத்து 15-இலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற ஃபோர்டு சொல்லும் நேரம் 41 நிமிடம். அது தரும் 85 யூனிட்டில் 170 கி.மீ. ஆக 600 கி.மீ. பயணத்துக்கு இரண்டு முழு நிறுத்தம், கடைசியில் ஒரு குட்டி நிறுத்தம். சார்ஜரில் வரிசை இல்லை, எல்லாம் வேலை செய்கிறது என்ற நினைப்பில் போட்ட கணக்கு இது.

குறைக்க வழி உண்டு. வேகத்தை 112-இலிருந்து 96-க்கு இறக்கினால் காற்றின் தடை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கேபின் மறைவுக்குள் அடங்கும் தாழ்வான டிரெய்லரோ படகோ எடை கூடுதலானாலும் குறைவாகவே குடிக்கும். டிரெய்லரின் டயர் காற்றையும் பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை. மலை உச்சியில் தங்கும்போது 100 சதவீதம் ஏற்றாதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால், வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பும் மோட்டார் பிரேக்கிங் இறக்கத்தில் வேலை செய்யாது. சுமை முழுக்க பிரேக் பேடில் விழும்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

விளம்பரத்தில் வரும் எண்ணை மறந்துவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். லைட்னிங்கின் உச்ச அளவு 1,014 கிலோ என்பது சின்ன பேட்டரி கொண்ட அடிப்படை மாடலுக்கு. பெரிய பேட்டரி, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று சேரச் சேர ஏற்றும் அளவு இறங்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் மேல் அழுத்தும். அதுவும் ஏற்றும் அளவுக்குள்தான் அடங்க வேண்டும். ஸ்டிக்கரில் 700 கிலோ என்று இருக்கிறது, 4,000 கிலோ டிரெய்லர் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். ஹிட்ச் மேல் 450 கிலோ. ஐந்து பேர் உட்கார்ந்தால் 375. தொட்டியில் ஒரு பெட்டிகூட வைக்காமலே வரம்பு தாண்டிவிட்டது. வண்டி இழுத்துவிடும், ஆனால் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரப் பிடி குறையும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

வீட்டில் சார்ஜ் செய்ய என்ன வயரிங் வேண்டும்?

தினம் 80 கி.மீ. ஓட்டினால் செலவாவது 20 யூனிட். அதற்கு 240 வோல்ட், 32 ஆம்பியர் சார்ஜரும் 40 ஆம்பியர் பிரேக்கரும் போதும். மூன்று மணி நேரத்தில் முடியும். காலிப் பேட்டரியை நிரப்ப இதில் 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் தினமும் யாரும் காலி செய்வதில்லை. சாதாரண 120 வோல்ட் பிளக்கை நம்பாதீர்கள். 131 யூனிட்டுக்கு நான்கு நாள் வேண்டும்.

48 ஆம்பியர் சார்ஜருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர், 80 ஆம்பியருக்கு 100 ஆம்பியர் பிரேக்கர். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 25 சதவீதம் கூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அதிகம் நடக்கும் தவறு 48 ஆம்பியரில்தான். சுவருக்குள் இழுக்கும் சாதாரண ரோமெக்ஸ் (பிளாஸ்டிக் உறையிட்ட கேபிள்) 6-ஆம் எண் செம்பு வயருக்கு 55 ஆம்பியர்தான் அனுமதி. 60 வேண்டிய இடத்தில் அது போதாது. குழாய்க்குள் தனி வயராக இழுங்கள், அல்லது ஒரு அளவு தடித்த (4-ஆம் எண்) வயர் போடுங்கள், அல்லது சார்ஜரை 40 ஆம்பியருக்கு இறக்கி அமையுங்கள். சமையல் அடுப்புக்கான மலிவு விலை 50 ஆம்பியர் சாக்கெட்டில் தினம் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் உள்ளே தகடு தளர்ந்து உருகும். தொழிற்சாலைத் தரச் சாக்கெட் வாங்குங்கள். அதைவிட நல்லது, சாக்கெட்டே இல்லாமல் நேரடியாக இணைப்பது.

80 ஆம்பியர் சார்ஜரின் முழுப் பலன் வண்டிக்குள் இரட்டைச் சார்ஜர் இருந்தால் மட்டுமே கிடைக்கும். வீட்டு மெயின் பேனல் 100 ஆம்பியர் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

வழியில் டிரெய்லரோடு சார்ஜ் போட முடியுமா?

பெரும்பாலான சார்ஜிங் நிலையங்கள் கார் பார்க்கிங் போலத் தலையை நுழைத்து நிற்கும் அமைப்பில்தான் இருக்கின்றன. நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடங்கள் குறைவு. அதனால் டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஓரமாக நிறுத்திவிட்டுச் சார்ஜ் போட வேண்டும்; திரும்பக் கட்ட இன்னொரு கால் மணி.

சார்ஜ் துவாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். லைட்னிங்குக்கும் ரிவியனுக்கும் முன்னால் இடதுபுறம். சைபர்டிரக், சில்வராடோ இ.வி. இரண்டுக்கும் பின்னால் இடதுபுறம். டெஸ்லா நிலையங்களின் கேபிள் குட்டை. முன்னால் துவாரம் உள்ள வண்டி சில இடங்களில் இரண்டு இடத்தை அடைத்து நிற்க வேண்டியிருக்கும். ஃபோர்டு வண்டிகளுக்கு இந்த நிலையங்கள் 2024 பிப்ரவரியில் அடாப்டர் வழியாகத் திறந்தன. உற்பத்தியாளர் தந்த அடாப்டரையே வாங்குங்கள்.

குளிரில் என்ன ஆகும்?

உறைநிலைக்குக் கீழே கால் பங்கு தூரம் குறைவது சகஜம். குறுகிய ஓட்டம், அடிக்கடி கதவு திறப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குகூடப் போகும். கேபின் ஹீட்டர் ஒரு பங்கு, குளிர்ந்த பேட்டரி இன்னொரு பங்கு. குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் லைட்னிங்கில் 2024 மாடலில்தான் வந்தது. பழைய வண்டி வாங்கும் கனடாக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிளம்பும் நேரத்தை வண்டியில் அமைத்துவைத்தால் சுவர் மின்சாரத்திலேயே கேபினும் பேட்டரியும் சூடாகிவிடும். குளிர்ந்த செல்லில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும் என்பதால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கும். சார்ஜிங் நிலையத்தை வழிகாட்டியில் இலக்காகப் போடுங்கள். பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும் வசதி உள்ள வண்டி அதைப் பார்த்துத்தான் தயாராகும்.

கரண்ட் போனால் வீட்டை இதில் ஓட்ட முடியுமா?

முடியும், இந்த வண்டிகளின் மிகச் சிறந்த குணம் இதுதான் என்று நினைக்கிறோம். லைட்னிங் 9.6 கிலோவாட், சில்வராடோ இ.வி. 10.2, சைபர்டிரக் 11.5 கிலோவாட் வரை தரும். அமெரிக்க வீடு நாளுக்கு 30 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்தால் 131 யூனிட்டில் மூன்று நாள் தாராளமாக ஓடும். சார்ஜருக்கு ஓட்டிப்போக 20 சதவீதமாவது விட்டுவையுங்கள்.

ஆனால் வண்டி வாங்கினாலே இது வந்துவிடாது. இருவழிச் சார்ஜர், இன்வெர்ட்டர், மின்வாரிய இணைப்பைத் துண்டிக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் எல்லாம் தனிச் செலவு, பல ஆயிரம் டாலர். மலிவு வழியாகச் சிலர் தொட்டியில் இருக்கும் 240 வோல்ட் சாக்கெட்டிலிருந்து ஜெனரேட்டருக்கான இணைப்பு வழியாக வீட்டுக்கு எடுக்கிறார்கள். போட்டதும் டிரிப் ஆகும். காரணம், டிரக்கில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கிறது, வீட்டுப் பேனலிலும் இணைந்திருக்கிறது. திரும்பும் மின்னோட்டம் இரண்டு வழியாகப் பிரிவதை டிரக்கின் பாதுகாப்பு பிரேக்கர் கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போட்டால் சரியாகும். எர்த் முனையை வெட்டிவிட்டு ஓட்டுவது ஆளைக் கொல்லும் வேலை. டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால் வெளியே கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கும்.

வேலைத்தளத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 9.6 கிலோவாட் வசதியுள்ள லைட்னிங்கின் தொட்டியில் 7.2 கிலோவாட்டும் முன்பெட்டியிலும் கேபினிலும் சேர்த்து 2.4 கிலோவாட்டும் கிடைக்கும். ரம்பம், கம்ப்ரசர், விளக்கு எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேரம் சராசரியாக ஒரு கிலோவாட் இழுத்தால் எட்டு யூனிட். வீடு திரும்பும் தூரத்தில் 30 கி.மீ. குறையும், அவ்வளவே. ஜெனரேட்டர் சத்தமும் புகையும் இல்லை, ராத்திரி அதைத் திருடிக்கொண்டு போகிறவனும் இல்லை.

தண்ணீரில் இறக்கலாமா?

ரிவியன் ஆர்1டி ஒரு மீட்டர் ஆழம் வரை கடக்கும். உப்புத் தண்ணீர் வேறு கதை. கடல் வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கும். அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் வையுங்கள்.

இதுவரை என்னென்ன பழுதுகள் வந்தன?

2023 பிப்ரவரியில் டியர்போர்ன் ஆலையில் தரச் சோதனைக்காக நிறுத்தியிருந்த ஒரு லைட்னிங் சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்தது. செல் தயாரிப்பில் இருந்த குறை காரணம். உற்பத்தியைப் பல வாரம் நிறுத்தி, 18 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

சைபர்டிரக்கில் 2024 ஏப்ரலில் ஆக்சிலரேட்டர் மிதியின் மேல்தகடு நழுவி உள்ளே சிக்கிக்கொள்ளும் குறை, 3,878 வண்டிகள். தகட்டை எளிதாகச் செருக ஆலையில் சோப்புத் தண்ணீர் தடவியதுதான் மூலம். 2025 மார்ச்சில் கூரையோரத்து ஸ்டெயின்லெஸ் பட்டை பெயர்ந்து விழும் குறைக்காக 46,096 வண்டிகள், அதாவது அதுவரை விற்ற ஏறக்குறைய எல்லாமே. பட்டையை ஒட்டிய பசை வெயிலிலும் குளிரிலும் உலர்ந்து நொறுங்கியது. மாற்றுப் பட்டையில் போல்ட்டும் நட்டும் வைத்தார்கள். பெயின்ட் இல்லாத எஃகில் தோன்றும் ஆரஞ்சுப் புள்ளிகள் பெரும்பாலும் சாலையிலிருந்து ஒட்டும் இரும்புத் துகளின் துரு. உடனே கழுவினால் போய்விடும்.

அன்றாடத் தொல்லைகள் இவ்வளவு பரபரப்பானவை அல்ல. 12 வோல்ட் பேட்டரி செத்து வண்டி எழாமல் போவது, மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நிற்பது, சார்ஜர் தொடங்காமல் மறுப்பது. டயர் வேகமாகத் தேயும். மூன்று டன் எடையும் உடனடி இழுவையும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சக்கரம் மாற்றிப் போடுங்கள். பிரேக் பேடுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: உபயோகம் குறைவதால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை நன்றாக மிதித்து நிறுத்தினால் சுத்தமாகும்.

இவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் விற்கவில்லை?

விலைதான் முதல் காரணம். லைட்னிங் 2021 மே மாதம் 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அதே அடிப்படை மாடல் 59,974. பிறகு சுமார் பத்தாயிரம் இறக்கினார்கள். அதற்குள் ஆசை ஆறிவிட்டது. சைபர்டிரக்கின் கதையும் அதுவே: 2019-ல் 39,900 என்று சொல்லி, கைக்கு வந்தபோது 79,990.

லைட்னிங் 2022-ல் 15,617, 2023-ல் 24,165, 2024-ல் 33,510 விற்றது. ஏறுமுகம்தான், ஆனால் ஃபோர்டு ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேல் எஃப் வரிசை வண்டிகள் விற்கிறது. அதில் இது ஐந்து சதவீதம்கூட இல்லை. சைபர்டிரக்குக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் என்று கனவு கண்டார்கள். சந்தை மதிப்பீட்டின்படி 2024-ல் சுமார் 39,000. 2025-ல் அதில் பாதி. 7,500 டாலர் மத்திய வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது.

இரண்டாவது காரணம், வாங்குபவரின் மனக்கணக்கு. பிக்கப் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஆண்டுக்கு ஒருமுறை இருமுறைதான் டிரெய்லர் இழுக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பயணத்தை மனதில் வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவனங்களும் அதற்குப் பயந்து பேட்டரியை ஏற்றிக்கொண்டே போயின. விலை ஏறியது, எடை ஏறியது, ஏற்றும் அளவு இறங்கியது. இந்தச் சுழலில் நஷ்டமே மிஞ்சியது. 2025 டிசம்பரில் தன் மின்வாகனத் திட்டங்களை மாற்றியமைத்தபோது ஃபோர்டு காட்டிய மொத்தச் சுமை 1,950 கோடி டாலர்.

உள்ளே ஜெனரேட்டர் வைத்து வரப்போகும் வண்டிகள் சரியான தீர்வா?

நீண்ட தூரம் டிரெய்லர் இழுப்பவருக்கு ஆம். ராம் அறிவித்திருக்கும் வண்டியில் 92 யூனிட் பேட்டரி, 3.6 லிட்டர் வி6 எஞ்சின், 130 கிலோவாட் ஜெனரேட்டர். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை. மின்சாரம் தயாரிப்பது மட்டுமே அதன் வேலை. பேட்டரியில் மட்டும் 230 கி.மீ., மொத்தம் 1,100 கி.மீ., இழுவை 6,350 கிலோ என்கிறார்கள். ஃபோர்டும் அடுத்த லைட்னிங்கை இந்த வகையில் 1,100 கி.மீ.க்கு மேல் என்று சொல்லியிருக்கிறது.

ஜெனரேட்டர் அளவு போதுமா? சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் பெரிய டிரெய்லருக்கு 50 கிலோவாட் போதும். மிச்சம் பேட்டரிக்குப் போகும். ஏழரை டன் மொத்த எடையோடு ஆறு சதவீத ஏற்றத்தில் 90 கி.மீ. வேகம் பிடிக்க எடைக்கு மட்டுமே 110 கிலோவாட், காற்றையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டும். குறைவதைப் பேட்டரி ஈடுகட்டும், அது காலியாகாத வரை. மலை வருவதற்கு முன்பே இழுவை மோடைப் போட்டு, பேட்டரியில் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆயில், குளிரூட்டி, புகைபோக்கி எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மலிவான சின்ன பிக்கப் வருமா?

வர வேண்டியது அதுதான். ஸ்லேட் என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில் காட்டிய இரண்டு சீட்டர் 52.7 யூனிட் பேட்டரியில் 240 கி.மீ. போகும், 635 கிலோ ஏற்றும், 450 கிலோதான் இழுக்கும். பெயின்ட் கிடையாது, தொடுதிரை கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். ஃபோர்டு 2027-க்கு லூயிவில் ஆலையிலிருந்து 30,000 டாலர் அளவில் நான்கு கதவு நடுத்தர பிக்கப் என்று அறிவித்திருக்கிறது. மிச்சிகனின் மார்ஷலில் தயாராகும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் அதில் வரும். நிக்கல் செல்லைவிட மலிவு, எடை கொஞ்சம் கூடுதல், ஆயுள் நீளம். அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். நிக்கல் பேட்டரியையோ அன்றாடம் 80, 90-லேயே நிறுத்துவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து மலிவாக ஏன் வரவில்லை என்று கேட்டால், 1964 முதல் அமெரிக்கா இறக்குமதி பிக்கப்புகளுக்குப் போட்டுவரும் 25 சதவீத வரி பாதிப் பதில். கோழி இறைச்சி வர்த்தகச் சண்டையில் ஐரோப்பாவுக்குப் பதிலடியாகப் போட்டது. சண்டை போய்விட்டது, வரி இருக்கிறது.

பழைய லைட்னிங் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

விலை நன்றாக இறங்கியிருப்பதால் லாபமான நேரம். முதலில் எது 98 யூனிட், எது 131 என்று உறுதி செய்யுங்கள். விற்பவருக்கே தெரியாமல் இருப்பதுண்டு. டிரெய்லர் பேக்கேஜ் இல்லாவிட்டால் 98 யூனிட் வண்டி 2,270 கிலோவும் 131 யூனிட் வண்டி 3,490 கிலோவும்தான் இழுக்கும். பின்னால் ஹிட்ச் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டி எண்ணை வைத்துத் திரும்ப அழைப்புகள் பாக்கி இருக்கிறதா பாருங்கள். 20 சதவீதத்தில் வேகச் சார்ஜரில் போட்டுப் பார்த்தால் சில நிமிடத்தில் நூறு கிலோவாட்டைத் தாண்ட வேண்டும், பேட்டரி குளிராக இல்லாத பட்சத்தில். அடியில் குனிந்து பேட்டரித் தகட்டில் பள்ளம், கீறல் தேடுங்கள். காட்டுவழியில் இடித்திருந்தால் உத்தரவாதம் தகராறாகும். பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செல்லும்.

இந்தியாவில் இதற்கு ஈடு எது?

அமெரிக்க பிக்கப் நம் ஊருக்கு ஒத்துவராது, தேவையும் இல்லை. இங்கே பிக்கப் வேலையைச் செய்வது ‘குட்டி யானை’ என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் போன்ற சின்னச் சரக்கு வண்டி. டாடா ஏஸ் இ.வி. 2022-ல் 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ சுமை, 154 கி.மீ. சான்றுத் தூரம் என்று வந்தது. 2024-ல் ஒரு டன் மாடல் சேர்ந்தது. 2025-ல் வந்த ஏஸ் ப்ரோ இ.வி.க்கு 14.4 யூனிட், 750 கிலோ. மகிந்திராவின் ஜியோ (ZEO) 2024 அக்டோபரில் வந்தது. சென்னை அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச் மொபிலிட்டி இதைவிடப் பெரிய சுமைக்கு வண்டி செய்கிறது.

சுமையோடு நகருக்குள் 100 கி.மீ.க்கு 20 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 200 ரூபாய். டீசல் வண்டி லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தால் 500 ரூபாயைத் தாண்டும். தினம் 80 கி.மீ.க்கு மேல் ஓடும் விநியோக வண்டிக்குக் கூடுதல் விலை சில ஆண்டுகளில் திரும்பிவிடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு ஓடினால் திரும்பாது. நிறுத்துமிடத்தில் சொந்தமாக 15 ஆம்பியர் பிளக் இல்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

இலங்கையில் ஓடுவது போன்ற டபுள் கேப் (இரு வரிசை இருக்கை பிக்கப்) மின்சாரத்தில் உண்டா?

உண்டு. தாய்லாந்தில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் இ.வி.க்கு 66.9 யூனிட் பேட்டரி, ஒரு டன் சுமை, மூன்றரை டன் இழுவை. சான்றுத் தூரம் 263 கி.மீ. பிரித்தானியாவுக்காக வலதுபக்க ஸ்டியரிங்கோடும் செய்கிறார்கள். சீனாவின் பி.ஒய்.டி. ஷார்க் பாதி மின்சாரம், பாதி பெட்ரோல், 29.6 யூனிட் பேட்டரியோடு ஒன்றரை லிட்டர் எஞ்சின், இழுவை இரண்டரை டன். தோட்டத்துக்கும் கடைக்கும் இடையே ஓடி ராத்திரி ஒரே கொட்டகைக்குத் திரும்பும் வண்டி என்றால் முதலாவது போதும். மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் ஒரே நாளில் சுமையோடு போய்த் திரும்ப வேண்டுமென்றால் இரண்டாவது.